கடலுக்குப் போகும் காவிரி நீர் வீணா?

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் ஆண்டுகளில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வரும். கொள்ளிடத்தில் ஓடும் தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்பது ஒன்று. நாகை, திருவாரூர் மாவட்டங்களின் கடைமடை வாய்க்கால்களுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை என்பது இன்னொன்று. 2018 ஆகஸ்டில் இப்படித்தான் நடந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆற்றின் குறுக்கே நாலு தடுப்பணை கட்டினால் தீர்ந்துவிடாதா என்ற கேள்வியும் உடனே எழும்.

கடைமடை விவசாயியின் குறை உண்மையானது. ஆனால் "வீண்" என்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று வகைத் தண்ணீரைப் போட்டு அடைத்துவிடுகிறோம். தேக்கவே முடியாத வெள்ளம் ஒன்று. வயலுக்குப் போயிருக்க வேண்டிய, போகாமல் விட்ட பாசன நீர் இரண்டாவது. ஆறு கடலைச் சேரும் இடத்தில் இருக்கிற காடும் மீனும் பறவையும் பிழைத்திருக்கத் தேவையான நீர் மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றிப் பேச ஆள் உண்டு. மூன்றாவதற்குக் காவிரிக் கணக்கில் மிகச் சிறிய இடம்தான் இருக்கிறது, அந்த இடமும் பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

## முதலில் அளவுகள்

செய்திகளில் வரும் "கனஅடி" என்பது ஒரு நொடியில் எத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது என்ற கணக்கு. ஒரு கன அடி என்றால் ஏறத்தாழ 28.3 லிட்டர். "டி.எம்.சி." என்பது 100 கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளத்தைப் பாருங்கள். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நொடிக்கு 2 லட்சம் கனஅடி வெள்ளம் ஐந்தரை நாள் ஓடினாலே இன்னொரு மேட்டூர் நிரம்பிவிடும். அப்படி ஓர் அணைக்கு மலை வேண்டும். 1934-ல் மேட்டூரில் அணை கட்ட முடிந்ததற்கு அங்கே ஆற்றின் இரு பக்கமும் மலை இருந்ததே காரணம். டெல்டா சமதளம். இங்கே ஆற்றின் கரை உயரத்துக்குள் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் தேக்கலாம், அதற்கு மேல் போனால் ஊருக்குள் வரும். கொள்ளிடத்தில் ஆதனூர், குமாரமங்கலம் இடையே கட்டியது போன்ற ஒரு கதவணையில், அதாவது திறந்து மூடும் கதவுகள் வைத்த தடுப்பணையில், நிற்பது ஒரு டி.எம்.சி.கூட இல்லை. நிலத்தடி நீரை ஏற்றவும் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் அது உதவும். பெருவெள்ளத்தைச் சேமிக்க உதவாது.

## தண்ணீர் எங்கே பிரிகிறது

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில், 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய மேலணையில், காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் அகலமானது, தாழ்வானது, நேராகக் கடலைப் பார்த்து ஓடுவது. அதுதான் வெள்ளத்தைக் கொண்டுபோகும் ஆறு. கொஞ்சம் கிழக்கே கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்கான கைகள் பிரிகின்றன. கல்லணைக் கால்வாயைத்தான் புது ஆறு என்றும் சொல்கிறோம். இவற்றின் தாங்குதிறன் ஆயிரங்களில்தான். கொள்ளிடத்தின் தாங்குதிறன் லட்சங்களில்.

அதனால் கொள்ளிடத்தில் லட்சம் கனஅடி ஓடும்போது அதைத் திருப்பி வேதாரண்யம் பக்கத்து வாய்க்காலுக்கு அனுப்ப வழியே கிடையாது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததற்குக் காரணம் வேறு: தூர் வாராத வாய்க்கால், பழுதான மதகு, முறை வைத்து விடுவதில் வரும் தாமதம். கொள்ளிடத்தை அடைத்தாலும் அந்தக் குறை தீராது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

## கழிமுகம் என்றால் என்ன

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இடம் கழிமுகம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்றுநீரில் அது மிக மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவே, ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது உப்புக் கூடியும் இறங்கும்போது குறைந்தும் இருக்கிற தண்ணீர்தான் உவர்நீர். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய உயிர்களின் வீடு கழிமுகம். டெல்டாவின் வடக்கு ஓரத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம், தெற்கு ஓரத்தில் முத்துப்பேட்டை, இடையில் சின்னதும் பெரியதுமாகப் பல முகத்துவாரங்கள். முத்துப்பேட்டை லகூனுக்கு, அதாவது கடலை ஒட்டிய காயலுக்கு, பாமணி ஆறு, கோரையாறு, கிளைதாங்கி ஆறு, மரக்காக் கோரையாறு போன்றவை வந்து சேர்கின்றன. எல்லாமே வெண்ணாற்றுப் பக்கத்துப் பாசனத்தின் வால்கள். வயலுக்குப் பாய்ந்து வடிந்தது போக மிச்சம்தான் அங்கே வரும்.

## அந்தத் தண்ணீர் அங்கே என்ன வேலை செய்கிறது

1. உப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் (மாங்குரோவ்) உப்பைத் தாங்கும், ஆனால் எல்லா மரமும் ஒரே அளவு தாங்காது. பிச்சாவரத்தில் சுரபுன்னை, தில்லை, வெண்கண்டல் என்று பல மரங்களைப் பார்க்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். முத்துப்பேட்டைக்குப் போனால் காடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மரம், வெண்கண்டல். அதிக உப்பைத் தாங்குவதில் அதுவே முன்னணி. வேர் வழியே வந்துவிட்ட உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும், இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். காட்டில் ஒரே ஒரு வகை மட்டும் மிஞ்சி நிற்பது அங்கே நன்னீர் குறைந்து உப்பு கூடியதற்கான அடையாளம். மரம் ஒன்றாகச் சுருங்கும்போது அதைச் சார்ந்த பூச்சி, நண்டு, பறவை என்று எல்லாமே சேர்ந்து சுருங்குகிறது.

2. மீனுக்கு வழிகாட்டுகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கடலில் மீன் இருக்கிறது, ஆற்றில் மீன் இருக்கிறது, நடுவில் என்ன" என்றே பலர் நினைக்கிறோம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து அலையாத்தி வேர்களுக்கு இடையே வளர்ந்து, பெரிதான பிறகு கடலுக்குத் திரும்பும். கடலோர வலையில் விழும் இறாலின் இளமைப் பருவம் கழிமுகத்தில் கழிந்தது. ஆற்று இறால் இதற்கு நேர் எதிர்: நன்னீரில் வாழும், குஞ்சுப் பருவத்துக்கு உவர்நீர் வேண்டும். விலாங்கு மீன் ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகும், அதன் குஞ்சுகள் மறுபடி ஆற்றில் ஏறிவரும். உல்லம் என்கிற ஹில்சா கடலில் வாழ்ந்து முட்டையிட ஆற்றில் ஏறும். ஒரு காலத்தில் கொள்ளிடத்தில் உல்லம் ஏறிவந்தது, பிடிக்கவும் செய்தார்கள். குறுக்கே அணைகளும், பிறகு மேட்டூரால் வெள்ளத்தின் போக்கில் வந்த மாற்றமும் சேர்ந்து அந்த ஏற்றத்தை அழித்துவிட்டன. இந்த உயிர்கள் ஆறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கடலுக்குள் வந்து சேரும் நன்னீரை வைத்தே கண்டுகொள்கின்றன. அந்த நீர் வராத ஆண்டு அவற்றுக்கு வழி தெரியாத ஆண்டு. கொள்ளிடத்திலும் டெல்டா ஆறுகளிலும் முத்துப்பேட்டையிலும் வாழும் நீர்நாய் இந்த மீனை நம்பித்தான் இருக்கிறது. கழியில் வலை வீசும் குடும்பங்களும் அப்படித்தான்.

3. வண்டலைக் கொண்டுவருகிறது, வாயைத் திறந்துவைக்கிறது. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து போட்ட மண். அணைக்குள் வண்டல் நின்றுவிட்டால், ஆற்று மணலையும் அள்ளிவிட்டால், கரைக்குப் புது மண் வராது. கடல் அரிப்பது மட்டும் நிற்காமல் நடக்கும். அதோடு, ஆற்றின் ஓட்டம் வலுவாக இருந்தால்தான் முகத்துவாரத்தில் அலை கொண்டுவந்து போடும் மணலை அது தள்ளும். ஓட்டம் இளைத்தால் வாயில் மணல்திட்டு விழுகிறது. பூம்புகாரில் காவிரி இன்று ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கித்தான் கடலைச் சேர்கிறது. முத்துப்பேட்டை லகூனின் வாயும் சேறும் மணலும் படிந்து தூர்ந்துவருகிறது. வாய் அடைபட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் தண்ணீர் வடிய இடமில்லை, சம்பா மூழ்குகிறது. கடலுக்குப் போகும் தண்ணீர் விவசாயிக்கு எதிரி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. நிலத்தடியில் கடலைத் தள்ளிநிறுத்துகிறது. கடற்கரை மண்ணுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உப்புநீர் தள்ளிவைக்கப்படும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆற்றில் ஓட்டமில்லாத ஆண்டுகளில் கடலோர ஊர்களின் குழாய்த் தண்ணீர் கரிப்பதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

## முத்துப்பேட்டை சொல்லித்தரும் பாடம்

முத்துப்பேட்டை அலையாத்திப் பகுதி, லகூனும் சேற்றுவெளியும் சேர்த்து, சுமார் 12,000 ஹெக்டேர். பிரிட்டிஷ் காலத்திலிருந்து 1970-கள் வரை இங்கே பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையாக வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானாக முளைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். முளைக்கவில்லை.

ஏன் என்பதுதான் முக்கியம். மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றின் ஈரம் வற்றி மண் அமுங்கியது. வெட்டிய பகுதி நடுவில் பள்ளமாக, தட்டுப்போல ஆனது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வடியாமல் அங்கேயே நின்று காய்ந்தது. தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறிக் கடைசியில் வெண்கண்டலும் தாங்காத மண்ணாகிவிட்டது. உமரிச் செடி மட்டும் படர்ந்தது. ஆற்றிலிருந்து வரும் நன்னீரும் குறைந்திருந்ததால் அந்த உப்பைக் கழுவ ஆளில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து செய்த வேலை இதிலிருந்து பிறந்தது. மரத்தை நடுவதற்கு முன்னால் தண்ணீருக்கு வழி வெட்டினார்கள். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், பார்க்க மீன்முள் போலவே இருக்கும். ஓதம் தினமும் உள்ளே வந்து வெளியே போனது, தேங்கிய உப்பு கரைந்தது. வாய்க்கால் சரிவில் கன்று நட்டார்கள், பிடித்துக்கொண்டது. இதற்கு முன்னோடி அந்த ஊர்களிலேயே இருந்தது: மீன்பிடிப்பதற்காகக் காட்டுக்குள் உழவர்கள் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள், அந்த வாய்க்கால் ஓரங்களில் மரம் செழிப்பாக நின்றது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் இந்தக் காட்டைக் கடுமையாக முறித்துப்போட்டது. அதன் பிறகும் பலர் கேட்டது எத்தனை லட்சம் கன்று நடப்போகிறோம் என்பதையே. தண்ணீர் வந்துபோகும் வழி சரியாக இருந்தால் விதை தானாக மிதந்துவந்து ஊன்றும், வழி அடைபட்டிருந்தால் லட்சம் கன்றும் பட்டுப்போகும்.

## காவிரிக் கணக்கில் கடலின் பங்கு

2007-ல் காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 740 டி.எம்.சி. என்று மொத்த நீரைக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் திருத்திய பிறகு பங்கு இப்படி இருக்கிறது: தமிழ்நாடு 404.25, கர்நாடகம் 284.75, கேரளம் 30, புதுச்சேரி 7. மிச்சம் 14. அதில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. 4 டி.எம்.சி. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது என்று ஒதுக்கியது.

அதாவது ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் சேர்த்து மொத்த நீரில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அதிலும் கடலுக்குப் போவதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: தவிர்க்க முடியாதது. தேவை என்று எழுதப்படவில்லை, முடிந்திருந்தால் தவிர்த்திருப்போம் என்ற தொனியில் எழுதப்பட்டிருக்கிறது. "வீணாகக் கலக்கும் நீர்" என்ற செய்தித் தலைப்பின் வேர் இங்கேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த 10 டி.எம்.சி. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. வீதம் வர வேண்டும். அளக்கும் இடம் பிலிகுண்டுலு, கர்நாடக எல்லையை ஒட்டிய அளவை நிலையம். அங்கிருந்து தண்ணீர் மேட்டூருக்குள் போகிறது. மேட்டூரைப் பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஆக, சுற்றுச்சூழலுக்கு என்று பெயர் எழுதிய தண்ணீர் வரும் நான்கு மாதமும் அணை பாசனத்துக்கு மூடியிருக்கும் மாதங்கள். பிலிகுண்டுலுவில் அளந்தால் மாநிலங்களுக்கிடையே கணக்கு நேராகும். முத்துப்பேட்டையில் உப்பு குறைந்ததா என்பதை அந்த அளவு சொல்லாது.

## வெள்ளம் வந்தாலே போதாதா

போதாது. 2018 போல, 2024 ஜூலை, ஆகஸ்டு போல ஒரு பருவத்தில் பெருவெள்ளம் கொள்ளிடம் வழியே பாய்ந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் கடலுக்குப் போனது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அது சில வாரங்களின் கதை. 2016–17 போன்ற வறட்சியில் ஆற்றின் வாயே வறண்டுவிடுகிறது. கழிமுகத்துக்கு வேண்டியது ஆண்டுச் சராசரி அல்ல, சரியான மாதத்தில் சரியான அளவு. கோடையில் மெல்லிய ஓட்டமும் பருவத்தில் வண்டலோடு வலுவான ஓட்டமும் வேண்டும். இதைத்தான் சுற்றுச்சூழல் நீரோட்டம் என்கிறார்கள். மேலும், கொள்ளிடத்தின் வெள்ளம் போய்ச் சேர்வது வடக்கே பழையார்ப் பக்கம். தெற்கே முத்துப்பேட்டைக்கு அதில் ஒரு சொட்டும் கிடையாது.

தண்ணீரின் தரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வயலிலிருந்து வடியும் உரமும் பூச்சிமருந்தும் நன்னீர் ஓட்டம் குறைவான நாளில் செறிந்து நிற்கும். இறால் பண்ணைக் கழிவும் அப்படித்தான். அந்தப் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உவர்ந்துபோவதை எதிர்த்து, டெல்டாவில் வாழ்நாள் முழுக்க வேலை செய்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு என்று தனி ஆணையச் சட்டம் வந்தது.

## ஏரிகளும் பறவைகளும்

கடல் வரை போகாமல் நடுவிலேயே காட்டுயிருக்கு உதவும் காவிரி நீரும் உண்டு. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி மூன்றும் மேட்டூர் நீர் பாயும் பாசன ஏரிகள், பறவைச் சரணாலயங்கள். முதல் இரண்டும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, கரைவெட்டி சேர்ந்த அறிவிப்பு 2024 தொடக்கத்தில் வந்தது. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. ராம்சர் என்பது ஈரநிலங்களைக் காக்க 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் ஏற்பட்ட உடன்பாடு. அதில் சேர்வதால் மட்டும் ஓர் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிடாது.

உதயமார்த்தாண்டபுரத்தில் நத்தைகுத்தி நாரை கருவேல மரங்களில் கூடு கட்டும். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை தரையிலிருந்து வரும் விலங்குகளிடமிருந்து கூட்டுக்குக் காவல். கூடுகட்டும் காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தொடங்கித் தை, மாசி வரை நீள்கிறது. அணை மூடுவதும் தை மாதத்தில். குஞ்சுகள் பறக்கும் முன் ஏரி வற்றினால் அந்தப் பருவமே போச்சு. இந்த நாரை தின்பது வயல் நத்தையை, ஆகவே சுற்றியுள்ள நெல்வயலும் அதன் சரணாலயத்தில் சேர்ந்ததுதான், வரைபடத்தில் இல்லாவிட்டாலும்.

## என்ன செய்யலாம்

1. அளக்கும் இடத்தை மாற்ற வேண்டும். 10 டி.எம்.சி.க்கான கணக்கு எல்லையோடு முடியாமல், கொள்ளிடம், பூம்புகார், முத்துப்பேட்டை முகத்துவாரங்களில் மாதாமாதம் உப்பின் அளவோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். உப்பு எவ்வளவு என்பது மீனவருக்கும் விவசாயிக்கும் வனத்துறைக்கும் ஒரே மொழியில் புரியும் எண்.

2. கதவணைகளை இயக்கும் விதிகளில் மீனுக்கும் இடம் வேண்டும். கதவை எப்போதும் மூடிவைத்தால் கடல்நீர் ஏறாது, சரி. ஆனால் விலாங்கும் இறாலும் ஏறாது. எந்த மாதம், எவ்வளவு நேரம், எத்தனை கதவு என்று முடிவுசெய்யலாம். புதிதாகக் கட்டும் கதவணையில் மீன் ஏறும் படிவழியை வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம். பிறகு இடித்துச் செருகுவது நடக்காத காரியம்.

3. வெண்ணாற்றுப் பக்கத்து வாய்க்கால்களைத் தூர் வாரிக் கடைமடை வரை ஓட்டத்தைக் கொண்டுபோக வேண்டும். இதைச் செய்தால் விவசாயிக்கு முறைத்தண்ணீரும் முத்துப்பேட்டைக்கு வடிநீரும் ஒரே வேலையில் கிடைக்கும். தூர் வாரும்போது கரையை மொட்டையடித்துச் சிமென்ட் பூசினால் நீர்நாய் வளை தோண்ட இடமின்றிப் போகும். மண்கரையும் நாணலும் ஆங்காங்கே விட்டுவைக்கலாம்.

4. முத்துப்பேட்டையின் மீன்முள் வாய்க்கால்களிலும் சேறு படியும். சில ஆண்டுகள் விட்டால் மேடாகி, பழைய பள்ளத்தில் மறுபடி உப்பு காயத் தொடங்கும். கன்று நடவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, அந்த வாய்க்கால்களை வெட்டிய ஊர்க்காரர்களிடமே பராமரிப்பைக் கொடுத்தால், ஓதம் எந்த வாய்க்காலில் ஏறுகிறது, எதில் ஏறவில்லை என்பதை அவர்கள் வலை போடப் போகும்போதே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.